கான்ட்ராஸ்ட் ஊசி: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு உடை மாற்றி, கையில் வென்ஃபிளான் என்ற ஊசிக்குழாயைக் குத்திய பிறகுதான் பலரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறார்கள். ‘கான்ட்ராஸ்ட் போடணும், இங்க ஒரு கையெழுத்து’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. என்ன மருந்து என்று கேட்பது உங்கள் உரிமை.

பெரும்பாலும் அது, ஸ்கேன் படத்தைத் துலக்கமாக்கும், கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. தனி அயனியாக அது நஞ்சு. அதனால் வேறொரு மூலக்கூறோடு பிணைத்துத் தருகிறார்கள். நல்ல சிறுநீரகம் ஓரிரு நாளில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடலிலேயே தங்கி, பிணைப்பு விடலாம். தோல் தடித்து இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் என்.எஸ்.எஃப் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிப்பட்டது. பிணைப்பு தளர்வான நேர்சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை 2017-இல் ஐரோப்பா நிறுத்திவைத்தது. வளைய வகை உறுதியானது. ஆகவே ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாயிற்றா, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழா, மருந்து எந்த வகை என்று கேளுங்கள். பயந்துபோய், தேவையான ஸ்கேனையே தவிர்த்துவிடாதீர்கள். மூளைக் கட்டியின் எல்லையைக் காட்ட இந்த ஊசி பெரிதும் உதவுகிறது.

இதற்கு மாற்றாகக் கார்பன் நானோ பொருட்களை ஆய்வகங்கள் முயல்கின்றன. 82 கார்பன் அணுக்களாலான கூண்டுக்குள் ஒரு கடோலினிய அணுவை அடைத்தால் அது எளிதில் கசியாது. சிக்னலும் வழக்கமான மருந்தைவிடப் பல மடங்கு கூடுகிறது. எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் கூண்டு உடலைவிட்டு முழுதாக வெளியேறுமா என்பது தீராத கேள்வி. இன்னொரு கார்பன் நானோ பொருளான நானோ குழாய்களில் ஒரு வகையைப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியது.

எம்.ஆர்.ஐ கான்ட்ராஸ்டாக இவை எதுவும் இன்னும் வழக்கமான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே ‘புது கார்பன் நானோ ஊசி’ என்று யாராவது சொன்னால், அது மருந்துப் பரிசோதனையாகத்தான் இருக்க முடியும். இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ-யின் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டையும் கேளுங்கள். மருந்துப் பரிசோதனைக்கான 2019 விதிகளின்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும்.

வழக்கமான ஊசிக்குப் பிறகு தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே அங்கேயே சொல்லுங்கள். பின்னர் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவதற்கான 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் பதியலாம். அலட்சியம் என்று தோன்றினால் நுகர்வோர் ஆணையத்தை நாட 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு ரசீதும், மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதிய ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.