கடலடி மருந்தும் கரையோரத்தின் உரிமையும்

பொத்துவில், அறுகம்பே தொடக்கம் அக்கரைப்பற்று, நிந்தவூர் ஊடாகக் கல்முனை வரை நீளும் கரையோரத்தில், வலையில் மீனோடு கடற்பஞ்சும் ஏறிவிட்டால் அதனை உதறி எறிந்துவிடுவதே வழமை. அதற்குச் சந்தையில் விலை இல்லை. ஆயினும், வைரசு எதிர்ப்பு மருந்துகளின் வரலாற்றில் முக்கியமானதோர் அத்தியாயம் இத்தகைய ஒரு கடற்பஞ்சிலிருந்தே ஆரம்பமாகியது என்பது பலரும் அறியாத செய்தியாகும். கொவிட் பெருந்தொற்றின்போது ஆய்வாளர்கள் மீண்டும் கடலை நாடியமைக்கு இதுவும் ஒரு காரணம். அத்தேடலில் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன, அதில் எமது கரையோரத்துக்குரிய பங்கு யாது என்பவற்றைத் தெளிந்துகொள்வது அவசியமாகும்.

ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் சராசரியாக ஒரு கோடி வைரசுகள் வரை இருப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இந்நீரையே வடித்து உணவாக்கி வாழும் கடற்பஞ்சுக்கு ஓடித் தப்பக் கால்கள் இல்லை. மறைந்துகொள்ள ஓடும் இல்லை. பாறையில் ஒட்டியவாறே வாழும் இவ்வுயிரிகள் தம்மைக் காத்துக்கொள்ளும் ஆயுதம் இரசாயனமே. அவற்றின் உடலினுள் குடியிருக்கும் பற்றீரியாக்களும் இத்தகைய சேர்வைகள் பலவற்றை ஆக்கிக் கொடுக்கின்றன.

1950களின் தொடக்கத்தில் வேர்னர் பேர்க்மன் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், புளோரிடாக் கரையில் பெறப்பட்ட கடற்பஞ்சொன்றிலிருந்து விசித்திரமான சில சேர்வைகளைப் பிரித்தெடுத்தார். பரம்பரையலகின் கட்டுமானக் கற்களை ஒத்திருந்த அவற்றில் வெல்லப் பகுதி மாத்திரம் வேறாக இருந்தது. வைரசு தன்னைப் பிரதி செய்யும்போது இத்தகைய போலிக் கல்லை எடுத்துப் பொருத்துமாயின், சுவர் மேற்கொண்டு எழாது. இவ்வுண்மையைப் பின்பற்றி ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்டவையே, இரத்தப் புற்றுநோய்க்கு 1969 இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட சைற்றராபின், ஹேர்ப்பிஸ் வைரசுக்கு எதிராக 1976 இல் அங்கீகரிக்கப்பட்ட விடாரபின் ஆகிய மருந்துகள். கொவிட் சிகிச்சையில் பேசப்பட்ட ரெம்டெசிவிர் கடலிலிருந்து வந்ததன்று. எனினும் அதுவும் போலிக் கல் உத்தியையே கையாள்கின்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் அதிக நம்பிக்கையூட்டிய கடல்சார் மருந்து பிளிற்றிடெப்சின் ஆகும். தொட்டால் நீரைப் பீய்ச்சும் சிறு பை போன்றதொரு மத்தியதரைக்கடல் உயிரியிலிருந்து முதலில் பெறப்பட்ட இச்சேர்வை, வைரசை நேரடியாகத் தாக்குவதில்லை. வைரசு பெருகுவதற்குத் துணைபோகும் மனிதக் கலத்தின் புரதமொன்றையே அது முடக்குகின்றது. ஆய்வுகூடக் கலங்களில் இது ரெம்டெசிவிரைவிட 27.5 மடங்கு வீரியமாகச் செயற்பட்டது என 2021 ஜனவரியில் 'சயன்ஸ்' சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு கூறியது. ஆனால், நோயாளரிடம் மேற்கொள்ளப்பட்ட மூன்றாம் கட்டப் பரிசோதனை, தொற்று தணிந்து பங்கேற்போர் குறைந்தமையால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்னரே முடிவுக்கு வந்தது. கண்ணாடிக் குழாயில் கிடைத்த வெற்றி கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு வந்துசேரவில்லை.

கடற்பாசியின் கதையும் கவனத்திற்குரியது. நோன்பு துறக்கும் வேளையில் முஸ்லிம் இல்லங்களில் பரிமாறப்படும் கடற்பாசி, செந்நிறப் பாசி இனங்களிலிருந்து பெறப்படுவது. அதே வகுப்பைச் சேர்ந்த வேறு பாசிகளிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் பசைப்பொருளை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கி, ஆர்ஜன்ரீனாவில் 394 மருத்துவமனை ஊழியரிடம் சோதித்தனர். மருந்து பெற்றோரில் 1 வீதமானோரும், பெறாதோரில் 5 வீதமானோரும் கொவிட் தொற்றுக்குள்ளாயினர். பயன்தரத்தக்க முடிவுதான்; எனினும் தொற்றுக்குள்ளானவர்கள் மொத்தம் 12 பேர் மாத்திரமே என்பதால் பெரிய ஆய்வுகளால் உறுதிப்படுத்தப்பட வேண்டியது. கடற்பாசியை உண்டால் நோய் அண்டாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

இந்த நிதானம் ஏன் வேண்டும் என்பதை இந்நாடு பெரும் விலை கொடுத்தே கற்றுள்ளது. 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைப் பெறுவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் தொற்றுக்குள்ளானார். மறுபுறம், நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற காரணத்தைக் காட்டி, அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலையும் புறந்தள்ளி, ஜனாஸாக்கள் 2021 பெப்ரவரி வரை பலவந்தமாக எரிக்கப்பட்டன. அதற்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையிலேயே. சான்றின்றி ஒன்றை மருந்தென நம்புவதும், சான்றின்றி ஒன்றை ஆபத்தெனச் சட்டமாக்குவதும் ஒரே நோயின் இரு முகங்களாகும்.

கடற்பஞ்சிலிருந்து விடாரபின் வரையான பயணத்துக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது. எனவே, பெருந்தொற்று வந்த பின்னர் கடலில் இறங்குவோருக்கு அத்தொற்றுக் காலத்துக்குள் புதிய மருந்து கிட்டுவது அரிது. அடுத்த தொற்றுக்கான தேடல் இன்றைய அமைதிக் காலத்திலேயே நடைபெற வேண்டும்.

அவ்வாறாயின் எமது முருகைக்கற்பாறைகள் சூறையாடப்பட்டுவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. கரீபியன் கண்டற்காடுகளின் வேர்களில் வாழும் ஓர் உயிரியிலிருந்து, டிரபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்தை ஒரு கிராம் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு தொன் உயிரிகள் தேவைப்பட்டன. பின்னர் பற்றீரியாவொன்று தரும் மூலப்பொருளிலிருந்து அதனை ஆக்கும் வழி கண்டறியப்பட்டது. இன்று ஒரு பிடி மாதிரி போதும். மூலக்கூறின் அமைப்பைப் படித்தறிந்துவிட்டால் எவரும் அக்கரைக்குத் திரும்பி வரவேண்டிய தேவையில்லை. சூறையாடலைவிட நுட்பமான இழப்பு இதுவே. மாதிரி எங்கே, எவரால், எந்த நிபந்தனையுடன் எடுக்கப்பட்டது என்ற பதிவு இல்லையேல், நாளை கிடைக்கும் பயனில் அக்கரையோரம் உரிமை கோர இயலாது. நாடுகளுக்குத் தம் உயிரியல் வளங்கள் மீதுள்ள உரிமையை 1992 ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சமவாயம் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் பதிவின்றி அவ்வுரிமையை நிலைநாட்டுவது கடினம்.

இதற்கான ஆற்றல் எம்மிடம் இல்லாமலில்லை. மன்னார் வளைகுடாக் கடற்பஞ்சுகளை ஆதர் டென்டி 1905 இலேயே விரிவாகப் பட்டியலிட்டார். பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய டிலிப் டி சில்வா, ஹவாயில் போல் ஷோயருடன் இணைந்து, கடற்பஞ்சொன்றிலிருந்து மனோலைட் என்ற சேர்வையைக் கண்டறிந்து 1980 இல் வெளியிட்டார். அது உலகெங்கும் அழற்சி பற்றிய ஆய்வுகளுக்குக் கருவியாயிற்று.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. எந்தப் பாறையில், எந்தப் பருவத்தில், எது வளர்கின்றது என்பதை அறிந்த மீனவர்கள் அறுகம்பேயிலும் கல்முனையிலும் உள்ளனர். இவ்விரு அறிவும் ஒன்றுசேர்ந்து இக்கரையோரத்தின் கடலுயிரிகளுக்கு ஒரு முறையான பதிவேட்டை உருவாக்குவதே முதற்பணியாகும். அதற்குப் பெரும் ஆய்வுகூடங்கள் தேவையில்லை. அறியப்படாத உயிரிகள் அறியப்படாமலே அழிந்துபோகாதிருக்க, முருகைக்கற்பாறைகளையும் கண்டற்காடுகளையும் பேணுவது அடுத்த பணி. வலையிலிருந்து உதறி எறியப்படும் பஞ்சுகளில் எது நாளைய மருந்தாகும் என்று எவராலும் இன்று கூறிவிட முடியாது. ஆனால் அவற்றின் பெயரையும் இடத்தையும் நாமே எழுதி வைப்பதற்கு இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.