ரோமாபுரி ராஜா முகத்தில் உளிவெட்டு! எங்கே? நம்ம புதுக்கோட்டையில்! தெரியுமா?

ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சி என்று ஒரு கிராமம். 1898-ல் அங்கே மண்ணுக்குள் இருந்து ஒரு பானை வெளியே வந்தது. உள்ளே 501 தங்கக் காசுகள்! நம்மூர்க் காசு இல்லை, அத்தனையும் ரோமாபுரிக் காசுகள்! அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ, வெஸ்பாசியன் என்று உலக வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறீர்களே, அந்தப் பேரரசர்கள் எல்லாரும் ஒரே பானைக்குள்!

அதைவிட அதிசயம், பெரும்பாலான காசுகளில் அரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓங்கி ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள்? தங்கம் சுத்தமா என்று பார்க்கவா? இனி இந்தக் காசு செல்லாது என்று அடையாளம் வைக்கவா? அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. தங்கத்தைச் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, மாமன்னர் மூக்கை ஏன் வெட்ட வேண்டும்? அந்தக் காசுகளில் சில இன்றைக்கு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சரி, ரோமாபுரித் தங்கம் வந்து சேரும் அளவுக்கு இங்கே என்ன இருந்தது? கோட்டை இருந்தது! புதுக்கோட்டை நகரத்துக்குக் கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் பொற்பனைக்கோட்டை. மண் மதிலும் அகழியும் சூழ்ந்த சங்க காலத்துக் கோட்டை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021-ல் அங்கே அகழாய்வு தொடங்கியது. 2023-ல் மாநிலத் தொல்லியல் துறையே இறங்கியது. சின்னஞ்சிறு தங்க அணி, எலும்பால் செய்த கூர்முனைக் கருவி, சூதுபவள மணி எல்லாம் வெளியே வந்தன. அதற்கு முன்பே அந்த ஊரில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல் ஒன்றும் கிடைத்துவிட்டது. தமிழ்ப் பிராமி எழுதிய நடுகற்கள் தமிழ்நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை!

இப்போது சித்தன்னவாசல். "ஸ்கூல் டூரில் போயிருக்கிறேனே, படகுகூட விட்டேனே" என்பீர்கள். மலையின் மறுபக்கம் ஏறினீர்களா? ஏழடிப்பட்டம் பார்த்தீர்களா? குன்றின் சரிவில் கால் வைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். அதில் கால் பதித்துப் போனால் இயற்கையாக அமைந்த ஒரு குகை. தரையில் 17 கற்படுக்கைகள், கல்லிலேயே தலையணை! சமணத் துறவிகள் படுத்து, நோன்பிருந்து, உயிர்விட்ட இடம். இருக்கிற படுக்கைகளில் பெரியதன் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை! மற்றப் படுக்கைகளில் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே குகையில் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் ஆள் மாறி ஆள் வந்து தவம் செய்திருக்கிறார்கள்! (காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.)

இறங்கி வந்தால் அறிவர் கோயில். குடைவரைக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள், கூரையில் ஒரு தாமரைக்குளம்! குளத்தில் மீன், அன்னம், எருமை, யானை. மூன்று ஆண்கள் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்கூடை. தாமரைத் தண்டின் வளைவு, இலையின் விளிம்பு மடிந்து நிற்கும் விதம், மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க மலர்ந்தது எல்லாம் தனித்தனி. எருமையைக்கூட விடவில்லை பாருங்கள், அந்த ஓவியர் நம்மூர்க் கண்மாயைக் கரையில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்! சுண்ணாம்பில் வெள்ளை, கரியில் கறுப்பு, காவி மண்ணில் சிவப்பும் மஞ்சளும். தூண்களில் இரண்டு ஆடல் மகளிர், ஓர் அரசன், ஓர் அரசி. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்று அங்கேயே கல்வெட்டு சொல்கிறது.

கருவறையில் நின்று வாயை மூடி மெல்ல "ம்ம்ம்..." என்று முனகிப் பாருங்கள். அறை முழுக்க அதிரும்! எல்லாச் சுருதிக்கும் அதிராது, சரியான சுருதி கிடைக்கும் வரை ஏற்றி இறக்கித் தேட வேண்டும்.

ஜப்பானில் இந்தச் சித்தன்னவாசல் ஓவியங்களுக்கு ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது, தெரியுமா? நாரா பக்கத்தில் ஹோர்யூஜி என்ற புத்தர் கோயில். உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. அதன் பொன்மண்டபச் சுவர்களில் ஏறத்தாழ 1300 ஆண்டு பழைய ஓவியங்கள். அஜந்தாவின் சாயல் அவற்றில் உண்டு என்பார்கள், நம் சித்தன்னவாசலையும் அஜந்தாவோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். 1949 ஜனவரி 26 அன்று அந்த மண்டபத்தில் தீப்பிடித்தது. ஓவியங்கள் கருகிப்போயின. ஜப்பான் நாடே துடித்தது! மறு வருடமே, 1950-ல், பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டம் போட்டார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரி 26-ம் தேதியும் அங்கே கோயில்களிலும் பழைய கட்டடங்களிலும் தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. சித்தன்னவாசலில் தீப்பிடிக்கவில்லை. இங்கே வந்தவர்கள் ஆணியால் பெயர் கீறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

மூச்சு வாங்கிக்கொண்டீர்களா? அடுத்து குடுமியான்மலை!

சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்தில், மலைப்பாறையைச் சுவர் போலத் தேய்த்து வழவழப்பாக்கி எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நிலதானம் இல்லை, போர் வெற்றி இல்லை, ராஜா புகழ் இல்லை. ச, ரி, க, ம! ஆமாம், சுரங்கள்! பல்லவ கிரந்த எழுத்தில், ஏறத்தாழ 7-ம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டு. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். கிட்டே போய்ப் பாருங்கள். சுரங்கள் நந்நான்காகக் கட்டுக் கட்டாக நிற்கும். அதிலும் "ர" என்ற ஒரே சுரம் ஓர் இடத்தில் ர, ஓர் இடத்தில் ரி, பிறகு ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது! ஒவ்வொன்றுக்கும் என்ன வேறுபாடு, வீணையில் விரல் எப்படிப் போக வேண்டும் என்று இசை அறிஞர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இதை எழுதச் சொன்னது யார்? உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் என்று கல்வெட்டின் முடிவில் இருக்கிறது. பெயர் இல்லை! மகேந்திரவர்ம பல்லவன் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. பெயரைப் போடாத அந்த மகராசன் எதற்காகச் செய்தேன் என்பதை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறான்: மாணாக்கர்களின் நன்மைக்காக! தேர்வுக்கு முதல் நாள் நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கும் நோட்ஸ் மாதிரி, 1300 வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா பாறையில் எடுத்துக் கொடுத்த நோட்ஸ்! கடைசியில் தமிழில் ஒரு குறிப்பும் உண்டு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது அது. எட்டு நரம்பு யாழா, ஏழு நரம்பு வீணையா? அதற்கும் ஒரு வாதம் நடக்கிறது.

திருமயத்திலும் இப்படி ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அதைச் செதுக்கிவிட்டு மேலே வேறு கல்வெட்டு வெட்டிவிட்டார்கள்! அரைகுறையாகச் சில எழுத்துகள்தான் மிச்சம். அதே திருமயத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்தவை. பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் சண்டை வராதா? வந்தது! வருமானம் யாருக்கு எவ்வளவு என்று தகராறு முற்றி, 1245-ல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிப் பஞ்சாயத்து பேசி முடித்தார். தீர்ப்பும் கல்லில் இருக்கிறது. மேலே தெரிகிற கோட்டை அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687-ல் கட்டியது.

நார்த்தாமலை தெரியுமா? அங்கே மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம். வெளியே பார்த்தால் சதுரக் கோயில், உள்ளே கருவறை வட்டம்! பெயரில்தான் சோழன். சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் எடுத்த கற்றளி இது, மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. எதிரில் சமணர் குடகு என்ற குகை. பெயர் சமணர், உள்ளே போனால் வரிசையாகப் பன்னிரண்டு திருமால்! சமணப் பள்ளி பிறகு பெருமாள் கோயிலாகியிருக்கிறது. கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசன் தனக்கொன்று, ராணி கற்றளிக்கொன்று, ராணி வரகுணாவுக்கொன்று என்று மூன்று கோயில் கட்டினான். மூவர் கோயில் என்று பெயர், நிற்பது இரண்டு! கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியில் சிலப்பதிகாரம் சொல்லும் ஊர் இது.

கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு ஒன்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு செப்புக்காசு புழங்கியது. 20 அம்மன் காசு ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 320 காசு! ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் "விஜய" என்று தெலுங்கு எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு இதைக் கொடுப்பார்கள். 1889-லிருந்து இதை அச்சடித்தது எங்கே தெரியுமா? இங்கிலாந்தில், பர்மிங்காமில்! நம்ம அம்மன் கப்பலேறி வந்தாள். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, இந்த மாவட்டத்துப் பழம்பொருள்களைப் பார்க்க அங்கே நுழையுங்கள்.

கடைசியாக ஆவுடையார்கோயில். கருவறையில் லிங்கம் இல்லை, பீடம் மட்டும்! நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. மாணிக்கவாசகர் எடுத்த கோயில் என்பது மரபு. நைவேத்தியம்? புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கல்லில் கொட்டி, கீரையும் பாகற்காயும் வைப்பார்கள். சாமிக்குப் போவது அதிலிருந்து எழும் ஆவி மட்டும்தான்! வெளியே வந்து மண்டபத்தின் கொடுங்கையை, அதாவது வளைந்த கூரை விளிம்பை, அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டம், அதன் குறுக்கே கம்பி, கம்பியை இறுக்கிய குமிழ் ஆணி எல்லாம் தெரியும். தொட்டுப் பார்த்தால் அத்தனையும் கல்! தாள் போல மெலிந்த கல்! அந்தக் காலத்து ஸ்தபதிகள் புதுக் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, எந்த வேலை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்களாம்!