அழித்த இடத்தில் ஒரு முகம்

படிவம் ஐந்தில் ஓவியப் பாடத்திற்காக என் பாட்டியின் முகத்தைக் கரித்துண்டால் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை. துடைத்தேன், வரைந்தேன், மறுபடியும் துடைத்தேன். நான்காம் முறை தாளே கிழிந்துவிட்டது. பின்புறம் வேறொரு தாளை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் "கோத்தோர்!" என்ற ஒரே சொல்லோடு திருப்பித் தந்துவிட்டார். அத்துடன் கரியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

மூன்றாண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஓவிய நூலைப் புரட்டியபோது, கிழிந்து ஒட்டுப்போட்ட தாளில் கரியால் வரைந்த ஒரு முகம் என்னை நிறுத்தியது. 1958இல் பிராங்க் ஆவர்பாக் வரைந்த தன்னுருவப் படம் அது.

யூதக் குடும்பத்தில் 1931இல் பெர்லினில் பிறந்தவர் ஆவர்பாக். நாஜிகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக, எட்டு வயது நிறைவதற்குச் சற்று முன்பு, 1939இல் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தனர். பெற்றோர் இருவரும் பின்னர் கொல்லப்பட்டனர். லண்டனில் டேவிட் பாம்பர்க் நடத்திய ஓவிய வகுப்பில் அவர் பயின்றார். அங்கே உடன் பயின்ற லியோன் கோசோஃப் நெருங்கிய நண்பரானார். ஆசிரியரும் நண்பரும்கூட யூதக் குடியேறிகளின் பிள்ளைகளே. நண்பர்கள் இருவரும் ஒருவர் மற்றவருக்கு மாதிரியாக அமர்ந்து வரைந்து கொண்டனர்.

கரியின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். காற்றுப் புகாமல் சுட்ட மெல்லிய மரக்குச்சிதான் வரைகரி. மை போல அது தாளுக்குள் ஊறுவதில்லை. தாளின் சொரசொரப்பில் தூளாகத் தங்குகிறது. ஆகையால் துணியால் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். ஆனால் முழுவதும் போகாது. சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் எஞ்சும். நான் குறை என்று எண்ணியது இந்த நிழலைத்தான். ஆவர்பாக்கோ அதன்மேல்தான் வேலை செய்தார். ஒவ்வோர் அமர்விலும் வரைந்ததைத் துடைத்துவிட்டு, அடுத்த அமர்வில் அந்தச் சாம்பலின் மீதே மீண்டும் தொடங்குவார். ஒரு முகம் முடிய மாதக்கணக்கில் ஆகும். தாள் தேய்ந்து கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தொடர்வார். கருமைக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் அழிப்பானால் கோடு இழுப்பார். அங்கே அழிப்பானும் ஓர் எழுதுகோல்தான்!

அந்தக் கிழிசல்களில் போரின் காயத்தைக் காண்போர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மனநிறைவு வராததால் அழித்தார் என்பதே நேரான காரணம். ஆனாலும், அவரைப் போலவே பெர்லினிலிருந்து லண்டன் வந்து சேர்ந்த உறவுப் பெண் கெர்டா போமின் முகத்தை அவர் வரைந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

2024இல் லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடம் இந்தக் கரி முகங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில், 93ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கடந்த விடுமுறையில் பாட்டியை மீண்டும் உட்கார வைத்தேன். இப்போது 81 வயது, காது மந்தம். "இன்னும் அந்த மூக்கு வரலியா?" என்று கேட்டுவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அமர்ந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. முதல் வாரம் வரைந்த காது, புதிய கன்னத்திற்குப் பின்னால் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. துடைக்காமல் விட்டிருக்கிறேன்.