சிறுநீரக நோயும் இதயத் தசையும்

சிறுநீரகம் செயலிழந்தோரின் உயிருக்கு ஆபத்து சிறுநீரகத்திலிருந்தே வருகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், டயாலிசிஸ் பெறுவோரிடையே நிகழும் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்கு இதயமும் இரத்தக் குழாய்களுமே காரணமாகின்றன. இந்நோயாளரின் இதயம் பருத்திருப்பதை லண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட் 1836-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

இதன் காரணங்கள் பல. பழுதுற்ற சிறுநீரகம் உப்பையும் நீரையும் முழுமையாக வெளியேற்றுவதில்லை. இரத்த அழுத்தம் உயர்கிறது, தமனிகள் விறைப்படைகின்றன. இரத்த உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் குறைவதால் சோகை உண்டாகிறது. இத்தனை சுமைகளையும் தாங்க, இதயத்தின் இடது கீழறையின் தசை தடிக்கிறது. தொடக்கத்தில் இது உடலின் தற்காப்பே. நாளடைவில் தசை இழைகளுக்கிடையே நார்த்திசு படர்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் தசையின் வளர்ச்சிக்கு ஈடுகொடுப்பதில்லை. விறைத்த தசையால் இதயம் சரிவர விரிவதில்லை. மின்னோட்டம் தடுமாறித் திடீர் மரணமும் நேரக்கூடும்.

டயாலிசிஸ் தொடங்கும் நிலையில் நூற்றுக்கு 74 பேருக்கு இத்தசைத் தடிப்பு இருந்ததை 1995-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று கண்டறிந்தது. அதாவது, நோயாளி டயாலிசிஸ் கருவியை அடையும் முன்னரே இதயம் பெரும்பாலும் மாற்றமடைந்து விடுகிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி இது. இங்கே அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குச் செல்ல நேர்ந்தால், அந்நாள்களின் கூலி போய்விடுகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. உணவிலும் கட்டுப்பாடு தேவை. கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த பண்டங்கள் தாகத்தைத் தூண்டும். பருகும் நீர் உடலில் தங்கி இதயத்தின் சுமையைப் பெருக்கும்.

செலவுக் கணக்கும் கருதத்தக்கது. மத்திய அரசின் 2016-17 வரவு செலவுத் திட்ட உரை, ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் இறுதிக்கட்ட சிறுநீரக நோய்க்கு ஆளாவதாகவும், ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 2,000 ரூபாய் ஆவதாகவும் குறிப்பிட்டது. வாரம் மூன்று முறை எனில் ஆண்டுக்கு 156 முறை. செலவு 3,12,000 ரூபாய். இருமுறையாகக் குறைத்தால் 2,08,000 ரூபாய். ஆனால் இச்சிக்கனத்தின் விலையை இதயமே செலுத்துகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் பெறுவோரிடையேயும், நீண்ட இடைவெளிக்குப் பின்வரும் நாளில் மரணங்கள் மிகுவதை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இருமுறை மட்டும் வருவோர்க்கு இடைவெளி மேலும் நீளுகிறது.

வறியோர்க்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. எர்ணாகுளம் அரசுப் பொது மருத்துவமனையில் 2023-இல் சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. மாற்று அறுவை வெற்றி பெற்றால் பலருக்கு இதயத் தசையின் தடிப்பும் குறைகிறது. எனினும், தானமாகக் கிடைக்கும் சிறுநீரகங்கள் தேவையை விட மிகக் குறைவு.

ஆகவே, வருமுன் காப்பதே சிக்கனமும் மனிதநேயமும் ஆகும். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் சோதிக்கப்பட வேண்டும். மருத்துவர் ஆலோசனையின்றி வலிநிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்வது தவிர்க்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அமைதல் நன்று. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தின் நலிவைத் தாமதப்படுத்தி இதயத்தையும் காப்பதை 2020 முதல் வெளியான ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. டயாலிசிஸ் மையங்களில் இதய எக்கோ சோதனையும் சோகைச் சிகிச்சையும் முறையாக இடம்பெறுதல் அவசியம்.

எத்தனை கருவிகள் நிறுவினோம் என்பது திட்டத்தின் ஓர் அளவுகோல் மட்டுமே. அக்கருவிகளை நாடி வந்தவர்களுள் எத்தனை பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன், உழைக்கும் வலிமையுடன் உள்ளனர் என்பதே மெய்யான அளவுகோலாகும்.