இறுதிகள் எத்தனை?

ஆராய்ச்சி மாணவர் ஒருவருடைய கணினியைத் திறந்து பாருங்கள். 'ஆய்வேடு இறுதி', 'ஆய்வேடு இறுதி 2', 'ஆய்வேடு மெய்யான இறுதி' என்று கோப்புகள் வரிசையாக நிற்கும். நகைக்க வேண்டியதில்லை, பழையதை அழிக்க அஞ்சுவது இயற்கையே. ஆயினும் வழிகாட்டும் பேராசிரியர், "மூன்றாம் இயலில் உள்ள இந்த வரைபடத்தை எந்த நிரலைக் கொண்டு வரைந்தாய்? மீண்டும் வரைந்து காட்டு" என்றால், இத்தனை இறுதிகளுள் எது விடை கூறும்? திரும்பச் செய்து காட்ட இயலாத முடிவை அறிவியல் ஏற்பதில்லையன்றோ?

இத்தொல்லை தீர்க்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கிட். லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனை எழுதினார். லினக்ஸ் குழுவினர் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்னும் கருவி இலவசமாகக் கிடைப்பது அவ்வாண்டு நின்றுபோயிற்று. ஆதலின் தாமே ஒன்றை எழுதத் துணிந்தார். சில நாள்களிலேயே கிட்டின் நிரலைக் கிட்டே காக்கத் தொடங்கிவிட்டது. இது இலவசக் கருவி என்பது விடுதி மாணவர்க்கு நற்செய்தி.

இது செய்வது யாது? கோப்புறையில் 'கிட் இனிட்' என்று ஒருமுறை கட்டளையிடுங்கள். பின்னர் வேலை ஓரளவு முடியுந்தோறும் 'கிட் ஆட்' என்று கோப்புகளைத் தேர்ந்து, 'கிட் கமிட்' என்று பதிவு செய்யுங்கள். செய்தவர் பெயரும் நாளும் நீங்கள் எழுதும் குறிப்பும் உடன் பதியும். ஒவ்வொரு பதிவுக்கும் 40 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. கோப்புகளின் உள்ளடக்கம், முந்தைய பதிவின் அடையாளம் முதலியவற்றிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. ஓரெழுத்து மாறினும் அடையாளம் மாறிவிடும். நிரலைப் பதிவு செய்த பின்னரே வரைபடத்தை வரைந்து, அதன் கீழ் அவ்வடையாளத்தின் முதல் எட்டுக் குறிகளை எழுதி வையுங்கள். பேராசிரியரின் வினாவுக்கு அதுவே விடை.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிட் பைசெக்ட்' என்னும் கட்டளை. முன்பு சரியாக இருந்த நிரல் இன்று பிழையான விடை தருகிறது. இடையில் 1000 பதிவுகள் உள்ளன என்று கொள்வோம். பிழை எங்கே புகுந்தது? சரியான பதிவு ஒன்றையும் பிழையான பதிவு ஒன்றையும் காட்டினால் போதும். கிட் நடுப்பதிவை எடுத்துத் தரும். அதனைச் சோதித்து 'குட்' அல்லது 'பேட்' என்று சொன்னால், பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவை நீட்டும். இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 அன்றோ? ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்படுவான்!

சில எச்சரிக்கைகள். பதிவு செய்யாததைக் கிட் மீட்டுத் தராது. கடவுச்சொல்லைப் பதிவிட்டபின் கோப்பை அழித்தாலும் பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். மடிக்கணினி களவு போனால் அதிலுள்ள கிட்டும் உடன் போகும். ஆதலின் வேறோர் இடத்துக்கும் 'புஷ்' செய்தல் வேண்டும். கிட்ஹப் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. பெரிய சோதனைத் தரவுகளைத் தனியே வையுங்கள்.

நம்மவர்க்கு மட்டும் ஒரு செய்தி. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் கிட் அதனைச் சாய்கோடுகளும் எண்களுமாகக் காட்டி மிரட்டும். அமைப்பில் 'கோர் புள்ளி கோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். தமிழ் தமிழாகவே தெரியும்.