அடுக்களைக்கு வரும் அயல்நாட்டுப் பண்டங்கள்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவழியில், திருக்கேதீச்சரத்தைக் கடந்து சென்றால் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் வரும். பண்டைய மாந்தைத் துறை இதற்கு அண்மையிலேயே இருந்தது. அங்கே மண்ணை அகழ்ந்தோர் சீனத்து மட்பாண்டத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். ஆகவே அயல்நாட்டுப் பண்டம் இக்கரைக்குப் புதிதன்று. ஆயினும், அன்று சீனத்துக் கிண்ணம் வராது போயிருந்தால் எவரும் பட்டினி கிடந்திருக்கமாட்டார்.

இன்றைய நிலை வேறு. இவ்வூர் இல்லத்தரசியின் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். பம்பாய் வெங்காயம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. மைசூர்ப் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைகிறது. மைசூர் என்பது பெயரளவில்தான்! பாணுக்கு வேண்டிய கோதுமையும் கடல் கடந்தே வருகிறது. கடையில் நாம் விலையை மட்டுமே கேட்கிறோம். விற்கும் நாட்டின் மழையையும் அரசியலையும் அவ்விலையோடு சேர்த்தே வாங்குகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இவ்வுண்மையை இலங்கை ஒருமுறை பட்டறிந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது. அதிலும் பர்மா அரிசிக்கே முதலிடம். மலிவானது, அண்மையிலுள்ளது, இரு நாட்டிலும் ஆங்கிலேயர் ஆட்சி; ஐயுறுவதற்கு என்ன இருந்தது? 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அத்தோடு பர்மா அரிசியும் நின்றது. கூப்பனும் பங்கீடும் வந்தன. சோறுண்டு பழகிய குடும்பங்கள் கோதுமை மாவுக்குப் பழகின.

பத்தாண்டுகளின் பின், கொரியப் போர்க் காலத்தில், மீண்டும் அரிசி அரிதாயிற்று. அதே வேளையில் நமது இறப்பரின் விலையோ சரிந்தது. சீனாவுக்கு இறப்பர் வேண்டும்; ஆனால் போருக்குதவும் பொருள்களை அந்நாட்டுக்கு விற்கலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951இல் தீர்மானித்திருந்தது. இலங்கை அச்சபையில் சேர்ந்ததோ 1955இல்தான். 1952 டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்கில் ஓர் உடன்படிக்கை செய்தார். ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசி வரும். 50 ஆயிரம் தொன் இறப்பர் போகும். இறப்பருக்குச் சந்தையிலும் கூடிய விலையே கிடைத்தது. அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தது. அதுவும் விலையின் ஒரு பகுதியே.

இவ்வுடன்படிக்கையை மலிவான கொள்வனவு என்று புகழ்வோர் உளர். நாம் மெச்சுவது வேறொன்றை. விற்பவருக்கும் நம்மிடம் ஒரு தேவை இருந்தது. அரிசியை நிறுத்தினால் இறப்பர் நிற்கும் என்பதைச் சீனா அறியும். இத்தகைய பிணைப்பு இருந்தமையால்தான் அவ்வேற்பாடு புதுப்பிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் நிலைத்தது.

வெங்காய வாணிகத்தில் அந்தப் பிணைப்பு இல்லை. உள்நாட்டில் விலை ஏறியபோது இந்தியா 2019 செப்டெம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2020 செப்டெம்பரிலும், 2023 டிசம்பரிலும் அவ்வாறே செய்தது. தன் வீட்டுப் பானையை முதலில் நிரப்ப எண்ணியதில் குறை காண முடியாது. ஆனால் மும்முறை நிகழ்ந்ததை எதிர்பாராத இடர் என்று வணிகர் கைவிரிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. நாசிக்கில் பருவந்தவறி மழை பெய்தால் மன்னார்ச் சந்தையில் விலை ஏறக்கூடும் என்று நாளிதழ் படிக்கும் எவரும் கணிக்கலாமன்றோ?

"எங்கள் அரிசி கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைவது, எங்களுக்கென்ன கவலை?" என்று மாந்தைப் பகுதிக் கமக்காரர் கேட்கலாம். நீர் நம்முடையதே, யூரியா நம்முடையதன்று. 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. பதிலாகச் சீன நிறுவனமொன்றிடம் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. அனுப்பிய மாதிரியில் தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன என்றனர் இலங்கை அதிகாரிகள்; அச்சோதனையை ஏற்க மறுத்தது நிறுவனம். எவர் சோதனை முடிவானது என்னும் பிணக்கிலே, சுமார் 20 ஆயிரம் தொன் பசளையுடன் வந்த கப்பல் கரைசேராது நின்றது. முடிவில், 2022 சனவரியில் ஏறத்தாழ 67 இலட்சம் டொலரை நாடு செலுத்தியது. ஒரு பிடி எருவும் வயலுக்கு வரவில்லை. அப்பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது.

வழியின் இடரும் உண்டு. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்பாதையைவிட அண்மையான வழி எது? 1964 டிசம்பர்ச் சூறாவளி ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்துவிட்டது.

2022இல் நிலைமை தலைகீழாயிற்று. பொருள் இருந்தது, கப்பல் வந்தது. விலை கொடுக்க டொலர் இல்லாமையால் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கின. அவ்வாண்டில் விற்பவர்கள் நம்மையே ஐயத்துடன் நோக்கினர்.

பாப்பாமோட்டை இல்லத்தரசியால் பீக்கிங் சென்று உடன்படிக்கை செய்ய இயலாது. அவர் செய்யக்கூடியவை சிறியவை. பம்பாய் வெங்காயம் வராத வாரத்துக்கு யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் உண்டு. மைசூர்ப் பருப்பின் விலை ஏறினால் வன்னியில் விளையும் பயறு உண்டு. கூட்டுறவுக் கடையின் பொதுக்கூட்டத்தில், "இப்பருப்பு ஒரே நாட்டிலிருந்தா வருகிறது? அங்கே தடைப்பட்டால் அடுத்து எங்கே வாங்குவீர்கள்?" என்று எழுந்து கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு.