புதிய நீச்சல் குள நீரின் வேதிச் சமநிலை

நீச்சல் குள நீரின் வேதிச் சமநிலை என்பது, குளத்து நீர் நீந்துவோரின் உடலுக்கும் குளத்தின் சுவர், குழாய், இயந்திரம் ஆகியவற்றுக்கும் தீங்கு செய்யாத நிலையில் இருப்பதைக் குறிக்கும். புதிதாக நிரப்பிய நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அது சமநிலையில் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் இரும்பும் மிகுதியாக இருக்கலாம். மழைநீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. புதிய சிமெண்ட் பூச்சிலிருந்து கால்சியம் ஐதராக்சைடு கரைவதால், முதல் சில வாரங்களில் நீரின் பிஎச் மதிப்பு அடிக்கடி உயரும்.

அளவிட வேண்டியவை

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள் பின்வருமாறு:

- பிஎச் மதிப்பு: 7.2 முதல் 7.8 வரை
- மொத்தக் காரத்தன்மை: லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம்
- கால்சியம் கடினத்தன்மை: லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம்
- கட்டற்ற குளோரின்: லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்
- சயனூரிக் அமிலம் (திறந்தவெளிக் குளங்களில்): லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம்

சரிசெய்யும் வரிசை

குளோரின் இடுவதற்கு முன் நீரில் இரும்பு, செம்பு உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும். இரும்பு கலந்த நீரில் குளோரின் இட்டால் நீர் பழுப்பாகி, சுவரில் கறை படியும்.

அடுத்து காரத்தன்மை சரிசெய்யப்படுகிறது. பிஎச் மதிப்பு திடீரென ஏறி இறங்காமல் தடுப்பது இதுவே. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் சராசரி ஆழமும் கொண்ட குளத்தில் 70,000 லிட்டர் நீர் இருக்கும். அதன் காரத்தன்மையை 60-இலிருந்து 100-ஆக உயர்த்த ஏறத்தாழ 4.7 கிலோகிராம் சோடியம் பைகார்பனேட்டு, அதாவது சமையல் சோடா, தேவைப்படும். இதனைப் பகுதி பகுதியாக இட்டு, நீரைச் சுழலவிட்டு, மீண்டும் சோதிக்க வேண்டும்.

அதன்பின் பிஎச் மதிப்பு சரிசெய்யப்படுகிறது. அதனைக் குறைக்க ஐதரோகுளோரிக் அமிலமும், கூட்ட சோடியம் கார்பனேட்டும் பயன்படுகின்றன. கடினத்தன்மை குறைவாக இருந்தால் கால்சியம் குளோரைடு சேர்க்கப்படும். கூடுதலாக இருந்தால், நீரின் ஒரு பகுதியை வெளியேற்றி மென்னீர் நிரப்புவதே எளிய வழியாகும். திறந்தவெளிக் குளமாயின் சயனூரிக் அமிலமும், இறுதியாகக் குளோரினும் இடப்படும்.

பிஎச் மதிப்பும் குளோரினும்

நீரில் கிருமிகளை விரைந்து கொல்வது ஐப்போகுளோரசு அமிலமாகும். பிஎச் 7.5 அளவில் கட்டற்ற குளோரினில் ஏறத்தாழ பாதி இவ்வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் இது கால் பங்காகக் குறையும். எனவே குளோரின் போதிய அளவு இருந்தும் கிருமிகள் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. சூரிய ஒளியில் குளோரின் விரைவாகச் சிதையும். சயனூரிக் அமிலம் அதனைத் தாமதப்படுத்தும். எனினும் இவ்வமிலம் அளவு மீறினால் குளோரினின் வேகம் குறையும்.

லாங்கிலியர் சுட்டெண்

1936-இல் அமெரிக்காவைச் சேர்ந்த வில்பிரட் லாங்கிலியர், நீர் கால்சியம் கார்பனேட்டைப் படியச் செய்யுமா, கரைக்குமா எனக் கணிக்கும் சுட்டெண்ணை வெளியிட்டார். இது சுழியத்திற்கு அருகில் இருந்தால் நீர் சமநிலையில் உள்ளது. எதிர்க்குறி மதிப்பில் சிமெண்ட் பூச்சு அரிக்கப்படும். நேர்க்குறி மதிப்பில் சுவரிலும் குழாயிலும் சுண்ணாம்புப் படிவு உண்டாகும்.

பாதுகாப்பு

அமிலத்தையும் குளோரின் பொருள்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். ஒரே அளவுக்கோப்பையை இரண்டுக்கும் பயன்படுத்தலாகாது. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமே தவிர, நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பிஎச் மதிப்பும் குளோரினும் உரிய அளவுக்கு வந்ததைச் சோதித்து உறுதி செய்த பின்னரே குளத்தில் இறங்க வேண்டும்.